தாம்பரத்துக்கு அப்பால் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

சென்னைக்குள் வீட்டு விலை கைக்கு எட்டாமல் போனதிலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று தெற்கே நகர்ந்துகொண்டே போகிறது நடுத்தரக் குடும்பங்களின் தேடல். ஞாயிற்றுக்கிழமையானால் கார் வைத்து அழைத்துப்போய் வீடு காட்டுகிறார்கள். மாடல் ஃபிளாட்டில் ஏ.சி. ஓடுகிறது, குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. வந்தவர்கள் டைல்ஸையும் சமையலறை அலமாரியையும் தடவிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். ஊரை யாரும் சுற்றிப் பார்ப்பதில்லை.

இந்தப் பக்கம் வீடு தேடி அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் விசாரிக்க வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான். மழையில் எங்கே தேங்குகிறது, கோடையில் எங்கிருந்து வருகிறது? மற்றதெல்லாம் அப்புறம்.

2015 டிசம்பர் வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கம் ஏரிதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது அந்த ஏரியால் அல்ல. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே. இந்த ஊர்களோ ஆற்றின் போக்கில் அதற்கும் மேலே இருக்கின்றன. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிய, ஆறு தொடக்கத்திலேயே கரைபுரண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர் பகுதியில் தண்ணீர் புகுந்தது. "செம்பரம்பாக்கம் இங்கேருந்து ரொம்ப தூரம் சார்" என்று தரகர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அதை நம்பிப் பணத்தைப் போடக் கூடாது.

தெருவே பல விஷயங்களைச் சொல்லிவிடும். ஆற்றோரத் தெரு ஒன்றில் பழைய வீடுகளின் காம்பவுண்டு சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பழுப்புக் கறை படிந்திருந்தது. அதே தெருவில் புதிதாகக் கட்டிய வீடுகளுக்கெல்லாம் வாசலில் ஏழெட்டுப் படிகள். மோட்டார் சுவிட்ச் தலை உயரத்தில். அங்கே குடியிருப்பவர்கள் எதை எதிர்பார்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

கோடைக் கதை வேறு. போர் தண்ணீர் உப்பா என்று கேட்டால் "சுமாரா இருக்கும்" என்பார்கள். குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். பக்கத்து அடுக்குமாடியில் போன மே மாத மெயின்டனன்ஸ் எவ்வளவு, அதில் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கழிவுநீர் லாரி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மாதத் தவணையைக் கணக்குப் போடும்போது இந்தச் செலவை யாரும் சேர்ப்பதில்லை, அது நின்றபாடுமில்லை.

ரயில் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை வரும் வண்டிகள் எல்லாமே அதைத் தாண்டிச் செங்கல்பட்டுக்குப் போவதில்லை. "ஸ்டேஷன் பத்து நிமிஷம்" என்பதை வேலைநாள் மாலையில், ஷேர் ஆட்டோவில் இடம் பிடித்துப் போய்ச் சோதிப்பது நல்லது.

பத்திரங்களை வழக்கறிஞர் பார்ப்பார். என்றாலும் வாங்குகிறவர் தானே பார்க்கக் கூடியவை உண்டு. பட்டா, 'அ' பதிவேட்டின் விவரங்கள் அரசின் இணையச் சேவையில் கிடைக்கின்றன. சர்வே எண்ணைப் போட்டால் நிலம் நன்செய்யா, புன்செய்யா, புறம்போக்கா என்று தெரியும். புல வரைபடத்தில் பக்கத்து எண் ஏரியாகவோ வாய்க்காலாகவோ இருந்தால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். எட்டு வீடுகளுக்கு மேல் கட்டும் திட்டம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கட்டாயம். அதைக் காட்டத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு நாள் அந்தத் தெருவுக்கு நடந்தே போய் வாருங்கள். முடிந்தவர்கள் அதே ஊரில் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்து பாருங்கள். வாங்குவது கொஞ்சம் தள்ளிப்போகும், போகட்டும். கட்டப்போகும் தவணை 20 வருஷத்துக்கு.