பின்வரிசைப் பீரங்கி

மின்ஸ்க் நகரில் தோன்றிய வார்கேமிங் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் என்னும் கணினி விளையாட்டில், பக்கத்துக்குப் பதினைந்தாக முப்பது டாங்கிகள், பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் நீளமும் அவ்வளவே அகலமும் உள்ள களத்தில், 15 நிமிஷத்துக்குள் ஒன்றையொன்று அழித்துவிட முனைகையில், ஒரே ஒரு வகை வண்டி மாத்திரம் யாரையும் நேருக்கு நேர் பாராமல், கடைசி வரிசையில் ஒரு புதருக்குப் பின்னால் நின்றுகொண்டு, குன்றையும் கூரையையும் தாண்டி ஆகாய மார்க்கமாகக் குண்டு வீசுகிறது. தானே நகரும் ஹோவிட்சர் பீரங்கி அது. விளையாடுகிறவர்கள் சுருக்கமாக ஆர்ட்டி என்பார்கள். அதனிடம் அடி வாங்கியவர்கள் சொல்லும் பெயர்களை இங்கே எழுதுவதற்கில்லை. பல ஆண்டுகளாக இந்த வண்டியையே விரும்பி ஓட்டிவருகிறவன் என்ற உரிமையில் என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆர்ட்டிக்காரனுடைய சாமர்த்தியமெல்லாம் குண்டு புறப்படுவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது, பொத்தானை அழுத்துவது வெறும் சடங்கு.

இந்த வண்டிக்குச் சொந்தக் கண் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். விளையாட்டின் விதிப்படி எந்த டாங்கியும், அதன் தளபதி எத்துணைக் கூரிய பார்வையுடையவனாயினும், 445 மீட்டருக்கு அப்பால் உள்ள பகைவனைத் தானே கண்டுபிடிக்க இயலாது; ஆர்ட்டியின் பார்வையோ அதனினும் குறுகியது. முன்னே சென்ற தோழன் ஒருவன் கண்டால்தான் நமக்கு இலக்கு பிரத்யட்சமாகும். அவன் கண் மூடிய சில விநாடிகளிலேயே, நாம் எவ்வளவு சிரமப்பட்டுக் குறிபார்த்திருந்தாலும், அந்த இலக்கு மாயமாகிவிடும். ஆகையால், ஆட்டம் தொடங்குமுன் கிடைக்கும் அந்தச் சில விநாடிகளை அரட்டையில் போக்காமல், இரு கட்சிகளின் பெயர்ப்பட்டியலையும் நிதானமாகப் படிப்பதையே நான் முதல் கடமையாகக் கொண்டிருக்கிறேன். நம் பக்கம் பகைவனைக் கண்டு சொல்லும் இலகு டாங்கிகள் எத்தனை, எதிரியின் கனரக டாங்கிகள் எவை, அவர்களிடம் ஆர்ட்டி உண்டா என்பவை தெரிந்துவிட்டால் பாதி யுத்தம் விளங்கிவிடும். 2017-இல் வந்த ஒரு மாற்றம் ஒரு கட்சியில் மூன்று ஆர்ட்டிகளுக்கு மேல் இடமில்லை என்று வரம்பு கட்டியது. ஆயினும் எதிரியிடம் ஒன்று இருப்பதற்கும் ஒன்றுமே இல்லாததற்கும் உள்ள வேறுபாடு பெரிது. மாலினோவ்கா போன்ற திறந்த களத்தில் நல்ல இலகு டாங்கிக்காரர் இருவர் வாய்த்தால் முதல் நிமிஷத்திலேயே வேலை குவியும். ஒருவரும் இல்லையென்றால், தொடக்கத்தில் கைகட்டி நிற்க வேண்டியதுதான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

இனி, நிற்கும் இடம். புதிதாக வருகிறவர்கள் ஆர்ட்டியைக் களத்தின் மூலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அங்கிருந்து எல்லா இடமும் எட்டுகிறதே என்று திருப்தியடைகிறார்கள். குண்டு எட்டுவது வேறு, இறங்குவது வேறு. பறந்துவரும் குண்டு எந்தக் கோணத்தில் தரையை நோக்கி இறங்குகிறதோ அதைப் பொறுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் பாறைக்கும் பின்னால் நம்மால் தொட முடியாத நிழல் ஒன்று விழுகிறது. பிரிட்டிஷ் வரிசையில் உள்ள பிஷப், எஃப்.வி. 304 ஆகிய சிறு பீரங்கிகளின் குண்டு ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால், அவற்றுக்கு இந்த நிழல் மிகச் சிறிது. சோவியத் வரிசையின் ஆப்ஜெக்ட் 261 வேகமாகவும் தாழ்வாகவும் குண்டை அனுப்புவதால், ஒரு சாதாரண மதில்கூட அதைத் தடுத்துவிடும். ஆகவே தாழ்வாகச் சுடும் பீரங்கியை உடையவன், பகைவன் ஒளிந்திருக்கும் வீட்டுக்கு நேரெதிரே நிற்பதைவிட, பக்கவாட்டில் நூறு இருநூறு மீட்டர் நகர்ந்து அந்த வீட்டின் பக்கச் சுவரைத் தாண்டிப் பார்ப்பதே விவேகம். ஹிம்மெல்ஸ்டார்ஃப் என்னும் நகரக் களத்தில் ஆர்ட்டிக்கு வேலையே இல்லை என்று பலர் சலித்துக்கொள்வார்கள். அங்கே ரயில் தண்டவாளங்கள் கிடக்கும் பகுதியும், கோட்டை நிற்கும் குன்றும் ஓரளவு வெளியாக இருக்கின்றன. தெருக்களிலும், நம் பீரங்கி நோக்கும் திசையிலேயே நீண்டு கிடப்பவற்றுக்குள் குண்டு தாராளமாக நுழைகிறது, குறுக்கே ஓடுபவற்றுக்குள் நுழைவதில்லை. எந்தத் தெருவில் சண்டை மூளும் என்று ஊகித்து, அந்தத் தெருவின் நேர்கோட்டில் போய் நிற்பவனுக்கு அந்த நகரமும் திறந்த களமே.

குண்டு இறங்கும் கோணத்தால் வரும் இந்தக் கஷ்டம் விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் புகழ்பெற்ற எம் 7 பிரீஸ்ட் என்னும் பீரங்கி வண்டியின் 105 மில்லிமீட்டர் பீரங்கியைச் சுமார் 35 பாகைக்கு மேல் நிமிர்த்த முடியாது. மலைப்பிரதேசத்தில் அது பெருங்குறையாகி, கொரிய யுத்தத்தின் போது பீரங்கியை வண்டியில் உயர்த்திப் பொருத்தி, 65 பாகை வரை நிமிரும் எம் 7 பி 2 என்ற வடிவத்தை உண்டாக்க வேண்டியதாயிற்று. விளையாட்டில் அப்படி யாரும் வந்து உயர்த்திப் பொருத்தித் தரமாட்டார்கள். வண்டியை நகர்த்துவது ஒன்றே உபாயம்.

புதரைப் பற்றி ஒரு வார்த்தை. சுடும் கணத்தில், வண்டிக்கு 15 மீட்டருக்குள் உள்ள புதர் மறைவு தருவதைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள புதரோ முழு மறைவையும் தருகிறது. மற்ற டாங்கிகள் பின்வாங்கி நின்றால் புதருக்கு அப்பால் உள்ளதைக் காணும் சக்தியை இழக்கும். இரவல் கண்ணால் வாழும் ஆர்ட்டிக்கு இழக்க எதுவுமில்லை. ஆதலால் புதரில் முட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

குறிபார்ப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். பெரும்பாலான ஆர்ட்டிகளில் பீரங்கி இடவலமாகச் சிறிதளவே திரும்பும். அதற்கு மேல் திருப்ப வேண்டுமானால் வண்டியையே திருப்ப வேண்டும், வண்டி அசைந்தாலோ சுருங்கிவந்த குறிவட்டம் மறுபடி விரிந்துவிடும். இலக்கு தோன்றிய பிறகு அதை நோக்கிப் பீரங்கியைத் திருப்புகிறவன், வட்டம் சுருங்கும்வரை காத்திருந்து சுடுவதற்குள் இலக்கு போய்விடுகிறது. பந்தியில் பரிமாறத் தெரிந்தவன், கேட்பதற்கு முன்பே காலியாகப்போகும் இலைக்கு முன்னால் போய் நிற்பதைப் போல, பகைவன் வந்து நிற்கப்போகும் இடத்தில் வட்டத்தை முன்கூட்டியே சுருக்கிவைத்திருக்க வேண்டும். பிரொகோரொவ்கா களத்தில் ரயில் பாதை மேட்டை ஒட்டி வருகிறவர்கள் எங்கே தயங்கி நிற்பார்கள் என்பது சில ஆட்டங்களிலேயே மனப்பாடமாகிவிடும்.

ஓடுகிறவனைத் துரத்திச் சுடுவதை நான் அநேகமாக விட்டுவிட்டேன். குண்டு பறந்துபோகச் சில விநாடிகள் ஆகின்றன. அதற்குள் அவன் திசை மாறினால் நம் குண்டு வெற்று மண்ணைத்தான் கிளறும். மூலையில் தலைநீட்டிச் சுட்டுவிட்டு, அடுத்த குண்டு ஏறும்வரை பின்வாங்கி அதே இடத்தில் நிற்பவன், நம் தோழன் ஒருவனால் சங்கிலி அறுபட்டு அசைய முடியாமல் கிடப்பவன், நம் தளத்தைக் கைப்பற்ற அதன் வட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பவன் ஆகிய மூவகையினரே ஆர்ட்டிக்கு உரிய இரை. இவர்களுள் கடைசியானவன் மீது விழும் குண்டு, சேதம் சொற்பமாயினும், பெறுமதி மிக்கது. ஏனெனில் 100 புள்ளி சேர்ந்தால் ஆட்டமே முடிந்துவிடும் அந்தக் கைப்பற்றலில், அடிபட்டவன் சேர்த்த புள்ளிகள் அத்தனையும் அழிந்துபோகின்றன.

முற்காலத்தில் ஆர்ட்டியின் ஒரே குண்டில் ஒரு டாங்கி சாம்பலாவது சாதாரணம். மேற்சொன்ன 2017-ஆம் ஆண்டு மாற்றத்தில் அந்த ரௌத்திரத்தைக் குறைத்து, அதற்கு ஈடாகத் திக்பிரமை என்று சொல்லத்தக்க ஒரு சக்தியைக் கொடுத்தார்கள்: அருகே குண்டு வெடித்தால் உள்ளிருப்போர் கலங்கி, சிறிது நேரம் குண்டேற்றுவதும் குறிபார்ப்பதும் மந்தமாகிவிடும். சேதக்கணக்கிலேயே கண்ணாயிருப்பவர்கள் இதை அலட்சியம் செய்கிறார்கள். தனியே நிற்பவனைக் கலங்கடித்துப் பிரயோஜனமில்லை. நம் கனரக டாங்கி மூலை திரும்பப்போகும் அதே தருணத்தில் எதிரே காத்திருப்பவனைக் கலங்கடித்தால், அந்த மோதலின் முடிவே மாறிவிடும். இதற்கு வேண்டியது கைத்திறமையன்று, களத்தின் சிறு வரைபடத்தை இடைவிடாது கவனிக்கும் பழக்கம்.

2021-இல் இன்னொரு திருத்தம் செய்து, ஆர்ட்டிக்கு மூவகைக் குண்டுகளைக் கொடுத்துவிட்டு, அதன் குண்டு பறக்கும் தடத்தைப் பிறர் கண்ணுக்கு முன்னிலும் தெளிவாகத் தெரியும்படி ஆக்கினார்கள். எதிரியிடமும் ஆர்ட்டி இருந்தால், ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து சுடுகிறவன் தன் விலாசத்தைத் தானே எழுதி அனுப்புகிறான். குண்டு ஏறும் நேரம் வீணாகவே போவதால், அந்த இடைவேளையில் சற்று விலகி நிற்பதில் நஷ்டமில்லை. எதிரியிடம் ஆர்ட்டி இல்லையென்று பட்டியலில் கண்டிருந்தாலோ, சுருக்கிய வட்டத்தைக் கலைத்துக்கொண்டு நகர்வது வீண் பிரயத்தனம்.

நம் பக்கம் உடைந்து இலகு டாங்கி ஒன்று நம்மைத் தேடி வருவது தெரிந்தால், மேலிருந்து குறிபார்க்கும் ஆகாயப் பார்வையை உடனே விட்டுவிட்டு, அது திரும்பும் மூலையை நோக்கிப் பீரங்கியைத் தாழ்த்திக் காத்திருக்க வேண்டும். ஒரு குண்டுதான் கிடைக்கும். தவறினால் அடுத்த ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆர்ட்டியை வெறுப்பவர்களின் மனத்தாங்கலில் நியாயமே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். பதில் கொடுக்க வழியின்றி அடி வாங்குவது யாருக்கும் கசக்கத்தான் செய்யும். ஒரு கட்சியின் ஆர்ட்டிகளெல்லாம் கூடி ஒரே வண்டியை ஆட்டம் முழுவதும் வதைப்பது விதிக்கு உட்பட்டதாயினும் எனக்கு ரசிக்கவில்லை. எனினும், பாறைக்குப் பின்னால் பத்து நிமிஷம் அசையாமல் பதுங்கியிருப்பவனை எழுப்புவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த வண்டியை ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். முதலில் ஒரு மாதமேனும் இலகு டாங்கி ஓட்டி, பிறருக்காகக் கண்டு சொல்வது எப்படிப்பட்ட வேலை என்று அறிந்துகொள்ளுங்கள். பிறகு எம் 44-ஐ எடுங்கள்; 155 மில்லிமீட்டர் பீரங்கியும் பக்கவாட்டில் தாராளமாகத் திரும்பும் வசதியும் உடைய அது பழகுவதற்கு இதமான வண்டி. குண்டேற ஒரு நிமிஷத்தை நெருங்கும் கான்கரர் கன் காரேஜ் போன்ற பெரும் பீரங்கிகளை அதற்குப் பின்பு வாங்கினால் போதும்.