குதிகால் வலி: செருப்பா, குஷனா, ஊசியா?

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுரீரென்று குத்துகிறதா? நாலு அடி நடந்தால் குறைந்து, வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்துகிறதா? உள்ளங்காலைத் தாங்கும் நார்ப்பட்டை, குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் நைந்துபோவதுதான் பெரும்பாலும் காரணம். எக்ஸ்ரேயில் ‘முள் வளர்ந்திருக்கு’ என்றால் பதற வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு.

எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு: டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நின்று சமைப்பவர்களுக்கு ஏற்றது. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைக் காக்க, டாக்டர் பால் பிராண்ட் போன்றோர் வேலூர்ப் பக்கம் பயன்படுத்திய ரப்பர் இது. வாங்கும்போது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி உடனே எழும்ப வேண்டும். பள்ளம் அப்படியே நின்றுவிட்டால் அந்தச் செருப்பின் காலம் முடிந்தது. வீட்டுக்குள் போட ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிலிக்கான் குஷன்: ஷூ போடுபவர்களுக்குச் சரி, செருப்பில் நிற்காமல் நழுவும். ஒரு கால் மட்டும் வலித்தாலும் இரண்டு ஷூவிலும் வையுங்கள். இல்லாவிட்டால் உயரம் மாறி நடை கோணும்.

பயிற்சி: செலவில்லை, பலன் நிலைக்கும், ஆனால் பொறுமை வேண்டும். கட்டிலைவிட்டு இறங்குமுன் கால்மேல் கால் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள்: 10 விநாடி, 10 முறை. பிறகு சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் எழும்பாமல் கெண்டைச்சதை இழுபட 30 விநாடி நில்லுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி: வலி சட்டென்று குறையும், சில வாரங்களில் திரும்பவும் வரலாம். அடிக்கடி போட்டால் நார்ப்பட்டை அறுந்துபோகவும் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியவும் வாய்ப்புண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும்.

ஆகவே, பயிற்சி எல்லோருக்கும் பொது. அதோடு, வீட்டில் எம்.சி.ஆர்., ஷூவில் குஷன். மூன்று மாதம் விடாமல் செய்தும் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் ஊசியைப் பற்றிப் பேசலாம். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அது இல்லாமலே குணமாகிவிடும்.

பாதம் மரத்தாலோ, குதிகால் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, அடிபட்டபின் காலை ஊன்ற முடியாவிட்டாலோ காத்திருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயால் மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் கூடாது, ஐஸும் கூடாது.