பிள்ளை எழுதியதை யாராவது படிக்கட்டும்

கண்ணு, மூன்றாம் வகுப்பை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று சொன்னாய். பிள்ளைகளை யோசிக்க வைப்பது எப்படி, பெற்றோரைப் பள்ளிக்குள் வரவழைப்பது எப்படி என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். இரண்டுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான்: வகுப்பில் ஒரு சுவர் இதழ் தொடங்கு. அதை எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. படிக்க ஆள் இருந்தால்தான் எழுத மனம் வரும். நோட்டில் எழுதி, சிவப்பு மையில் ஒரு டிக் வாங்கி, பைக்குள் போய் முடங்குகிற எழுத்துக்காக எந்தப் பிள்ளையும் மெனக்கெடாது. பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்று ஓர் ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர், வகுப்பில் நெடுநேரம் பேச முடியாதவர். 1924இல், பார்-சுர்-லூ என்ற சிற்றூர்ப் பள்ளியில், ஒரு சின்ன கை அச்சுப்பொறியை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாங்கள் கண்டதை எழுதி, தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள் தொலைவிலிருந்த வேறொரு பள்ளிக்கும் தபாலில் போயின. அங்கிருந்தும் பிள்ளைகளின் எழுத்து வந்தது. நமக்கு அச்சுப்பொறி வேண்டியதில்லை. ஒரு சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். ஆனால் சார்ட்டைப் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டு. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் ஒட்டு. தலைமையாசிரியர் அறையில் மாட்டினால் அது அலங்காரத்தோடு நின்றுவிடும்.

2. தலைப்பை நீ கொடுக்காதே. 'பசு' என்று கொடுத்தால் வகுப்பு முழுவதும் ஒரே பசுவை எழுதும், நாலு காலும் இரண்டு கொம்பும் தவறாமல் இருக்கும். நேற்று பார்த்ததை எழுதச் சொல். என் வகுப்பில் ஒருவன் ஒரே வரி எழுதினான்: "மழ வந்தா எங்க ஆட்டுக்குப் புடிக்காது." வாயைத் திறக்காத பையன். "உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன். காது மடங்குமாம், திண்ணையில் ஏறிக்கொள்ளுமாம், ஈரப் புல்லை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுமாம். ஒரு வரி ஆறு வரி ஆயிற்று. அதைச் சுவரில் ஒட்டியதும் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. குளிருக்குப் பயந்துதான் ஒதுங்குகிறது என்றார்கள் சிலர். புல்லின் ருசி மாறிப்போகிறது என்றார்கள் சிலர். அடுத்த மழைக்கு ஆளாளுக்கு அவரவர் வீட்டு ஆட்டைக் கவனித்துவிட்டு வந்து சொன்னார்கள். அறிவியல் பாடம் அதைவிட என்ன செய்துவிடும்?

3. 'எப்படித் தெரியும்?' என்று கேள். அதட்டலாகக் கேட்காதே, தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேள். உனக்கு ஆசை இல்லையென்றால் பிள்ளை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும்.

4. கேட்டுவிட்டுக் காத்திரு. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், உடனே அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுகிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி மௌனம் உனக்குப் பாரமாக இருக்கும். பழகிக்கொள்.

5. ற-ர, ல-ள திருத்தம் அப்புறம். முதலில் பிள்ளை சொன்ன சேதிக்குப் பதில் சொல். பிறகு பக்கத்தில் உட்கார வைத்து, ஒட்டுவதற்கு முன் இரண்டு பேருமாகச் சேர்ந்து பிழை பாருங்கள். ஆனால் வாக்கியத்தை நீ மாற்றி எழுதாதே. அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்பதற்காக அழகான கையெழுத்துக்காரி ஒருத்தியை வைத்து எல்லாவற்றையும் படியெடுக்க வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்றோடு மற்ற பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் அந்நியமாகிவிடும்.

6. பெற்றோரைக் குறை சொல்வதற்காக மட்டும் கூப்பிடாதே. 'டீச்சர் வரச் சொன்னாங்க' என்றாலே பல வீடுகளில் வயிற்றைக் கலக்கும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு, பகலில் பள்ளிக்கு வந்தால் அன்றைய சம்பளம் போயிற்று. வேலை விட்டு வரும் நேரத்தில் கூப்பிடு, நல்ல சேதி சொல்லக் கூப்பிடு. ஆட்டைப் பற்றி எழுதிய பையனின் அப்பா முதன்முறையாகப் பள்ளிக்குள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். படிக்கத் தெரியாதவர். மகன் சுவரைப் பார்த்து வாசித்துக் காட்டினான். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நனஞ்ச புல்ல மேஞ்சா வயிறு உப்பும் டீச்சர், அது அதுக்கே தெரியும்." மகனையே அதை எழுதச் சொல்லி, அப்பா சொன்னது என்று போட்டு, கீழே ஒட்டினோம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு அது நின்றுவிடக் கூடாது. அவர்களுக்குத் தெரிந்ததை நாம் கேட்டுக்கொள்கிறோம் என்று தெரிந்தால் குழுவிலும் வாய் திறப்பார்கள்.

7. வாரம் ஒரு கேள்வியை வீட்டுக்கு அனுப்பு. 'உங்கள் ஊர்க் கிணறு எப்போது வற்றியது?' 'ஆயா சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்ன விளையாடினார்?' பெரியவர் சொல்ல, பிள்ளை எழுதி வரட்டும். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு.

8. யாருடைய எழுத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடாதே, நட்சத்திரம் ஒட்டாதே. யார் பெயர் சுவரில் இன்னும் வரவில்லை என்று மட்டும் ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள். சுவரைப் படமெடுத்து பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதானால் முன்பே அவர்களிடம் கேட்டுவிடு. குடிக்கிற அப்பாவைப் பற்றி, வீட்டுச் சண்டையைப் பற்றி ஒரு பிள்ளை எழுதியிருந்தால் அது சுவருக்குப் போகாது. அந்தப் பிள்ளை உன்னை நம்பிச் சொன்னது அது. தனியே கூப்பிட்டுப் பேசு, உதவி வேண்டியிருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருப்பதை மறக்காதே.

9. ஜூன் மாதமே தொடங்கிவிடு. முதல் வாரம் நாலு வரிதான் தேறினாலும் ஒட்டு. கழற்றிய தாள்களைப் பரணில் போடாதே. தேதி போட்டு அடுக்கிவை. மார்ச்சில் பெற்றோர் வரும்போது, அவரவர் பிள்ளையின் ஜூன் தாளையும் பிப்ரவரித் தாளையும் கையில் கொடுத்துவிட்டு, நீ கொஞ்சம் தள்ளி நின்றுகொள். பிள்ளையே வாசித்துக் காட்டட்டும்.