ஜீப்புக்கு மாற்று எஞ்சின்

வில்லிஸ் உரிமத்தில் மகிந்திரா தயாரித்த பழைய ஜீப்புகள் பெட்ரோலில் ஓடின. எரிபொருள் செலவு கருதிப் பலர் அவற்றில் டீசல் எஞ்சின் பொருத்தினர். ஆம்பூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் அவ்வாறு ஒன்றை மாற்றியபோது நான் கற்றது இதுதான்: எஞ்சினைத் தூக்கி வைப்பது எளிது, நேர்கோட்டில் நிறுத்துவதே அரிது.

பெட்ரோல் எஞ்சினின் அழுத்த விகிதம் ஏறத்தாழ 7. டீசலுக்கோ 20ஐ ஒட்டியது. ஆகவே டீசல் எஞ்சின் கனமானது, அதிர்வும் மிகுதி. அதைத் தாங்கும் பிடிகளைச் சேசிஸில் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். கீழே முன் ஆக்சில் குறுக்கிடுவதால் எஞ்சினை இஷ்டம்போல் தாழ்த்தவும் இயலாது. கிராங்க் ஷாப்டும் கியர்பாக்ஸ் ஷாப்டும் ஒரே கோட்டில் அமையாவிடில் கிளட்ச் பிளேட்டும் பேரிங்கும் விரைவில் தேயும். பழைய கியர் ஷாப்ட் ஒன்றைக் கிளட்ச்சினுள் செருகி மையம் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம்.

இவ்வாறு எஞ்சினை மாற்ற, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி பதிவு அதிகாரியின் அனுமதியும் வேண்டும்.