இடுக்கில் பற்றாசு வைத்தல்

குளிர்நாட்டு வீடுகளில் அறைகளைச் சூடாக்கும் வெந்நீர் தாமிரக் குழாய்களில் ஓடுகிறது. இங்கிலாந்தில் அவை பலகைத் தரைக்கு அடியில் செல்வதால், மூட்டு ஒன்று ஒழுகினால் கையும் நுழையாத இடுக்கில் பற்றாசு வைக்க நேரும். பட்டறையில் தேர்ந்தவர்களும் அங்கே திணறுவர். இடம் போதாமையே காரணம் என்பார்கள். குழாயில் தங்கிய நீர்தான் பெரும்பாலும் குற்றவாளி என்பேன் நான்.

வெள்ளீயத்தோடு சிறிது தாமிரம் சேர்ந்த, காரீயமற்ற பற்றாசு 227 டிகிரி சென்டிகிரேடில் உருகும். உள்ளே நீர் இருக்கும்வரை மூட்டு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தரும் வெப்பமெல்லாம் ஆவியாகிப் போகும். பொறுமையிழந்து சுடரைப் பெருக்கினாலோ, பின்னுள்ள மரச்சட்டம் கருகும். மூட்டில் தடவிய பசையும் தீய்ந்து பற்றாசு ஒட்டாது. எனவே முதலில் நீரை முற்றும் வடித்து, ஆவி வெளியேற ஒரு முனையைத் திறந்து வையுங்கள்.

குழாய்முனையைப் பளபளக்கத் துலக்கிப் பசை தடவிச் செருகியபின், சுடரை மூட்டின்மேல் காட்டுங்கள். பற்றாசுக் கம்பியின்மேல் அல்ல. தாமிரம் வெப்பத்தை விரைந்து கடத்தும். சூடேறியதும் எதிர்ப்புறத்தில் கம்பியைத் தொட்டால், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தந்துகிக் கவர்ச்சியால் பற்றாசு இடைவெளியெங்கும் சுற்றி ஓடும். சுடர் எட்டாத பின்புறமும் நிரம்புவது இதனால்தான்.

இயன்ற மூட்டுகளை மேசைமேலேயே முடித்துக்கொண்டு, கடைசி ஒன்றை மட்டும் இடுக்கில் செய்யுங்கள். அருகிலுள்ள பழைய மூட்டு இளகாதிருக்க ஈரத்துணி சுற்றுங்கள். மரத்தை மறைக்கப் பழைய நூல்கள் கல்நார்த் தகடு கேட்கும்; அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. தீத்தாங்கும் கண்ணாடியிழை விரிப்பே போதும். வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். பலகைக்குள் கனலும் தீ மெல்லத்தான் வெளிப்படும்.