பச்சைத் தண்ணீரும் மயில் துத்தமும்

வெயில் காலத்தில் சில ஏரிகளைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் இருக்கும். கரை ஓரம் ஆடை படிந்திருக்கும். நாற்றம் மூக்கைத் துளைக்கும். இது எப்படி வருகிறது? மருந்து போட்டால் போகுமா?

நம் புனேயிலிருந்தே தொடங்குவோம். நாம் குளித்த நீர், துணி துவைத்த நீர், கக்கூஸ் நீர் எல்லாம் சாக்கடையில் போகின்றன. அதில் ஒரு பகுதி போபோடி, விட்டல்வாடி, பைரோபா நாலா போன்ற இடங்களில் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. மீதி அப்படியே ஆற்றில் விழுகிறது. முளா ஆறும் முட்டா ஆறும் நகருக்குள்ளேயே ஒன்று சேர்ந்து, பிறகு பீமா ஆற்றில் கலக்கின்றன. பீமா நேரே உஜனி அணைக்குப் போகிறது. சோலாப்பூர் மாவட்டத்தில் 1980-ல் கட்டி முடித்த பெரிய அணை அது. சோலாப்பூர் நகரத்துக்குக் குடிநீர் தருகிறது. அணைக்குக் கீழே, அதே ஆற்றின் கரையில்தான் பண்டரிபுரம் இருக்கிறது. நாம் இங்கே கொட்டுவது அங்கே போய்ச் சேருகிறது. உஜனி நீர் பச்சையாகிவிட்டது என்று பல கோடைகளில் செய்தி வந்திருக்கிறது.

மனிதக் கழிவிலும், பலவகை சோப்புத் தூளிலும், வயல் உரத்திலும் பாஸ்பரஸ் என்ற சத்து இருக்கிறது. பயிருக்கு உரம் எப்படியோ, பாசிக்கு இது அப்படி. சத்தும் வெயிலும் தேங்கிய நீரும் சேர்ந்தால் பாசி பெருகும்.

எல்லாப் பாசியும் கெட்டதல்ல. கழிவுநீரைத் தேக்கிச் சுத்தம் செய்யும் குட்டைகளில் பச்சைப் பாசி நமக்கு வேலை செய்கிறது. அது பிராணவாயு தருகிறது. அதை வைத்துக்கொண்டு நல்ல கிருமிகள் அழுக்கைத் தின்கின்றன. பயப்பட வேண்டியது நீலப்பச்சைப் பாசிக்கு. பெயர்தான் பாசி, உண்மையில் அது பாக்டீரியா. அதில் சில வகைகள் நஞ்சு தயாரிக்கும். கல்லீரலைத் தாக்கும் நஞ்சு அது. அந்த நீரைக் குடித்த ஆடு, மாடு, நாய் செத்துப் போனதுண்டு.

எங்கள் மையத்தில் ஒரு அம்மா கேட்டார்: “தண்ணியைக் கொதிக்க வச்சாப் போகாதா, தம்பி?” நல்ல கேள்வி. காலரா, பேதிக் கிருமிகள் கொதித்தால் சாகும். இந்த நஞ்சு சாகாது. தண்ணீர் ஆவியாகக் குறையும்போது நஞ்சு இன்னும் கெட்டிப்படும்.

சரி, மருந்துக்கு வருவோம். திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு மயில் துத்தம் தெரியும். நீல நிறக் கட்டி. செம்பு கலந்த உப்பு. இதைப் போட்டு நீர்த்தேக்கப் பாசியைக் கொல்லலாம் என்று 1904-லேயே அமெரிக்காவில் மூர், கெல்லர்மன் என்ற இருவர் எழுதினார்கள். விலை குறைவு. வேலையும் சீக்கிரம் நடக்கும். அதனால் உலகம் எங்கும் பரவியது.

ஆனால் 1979-ல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஊருக்குக் குடிநீர் தரும் சாலமன் அணையில் பாசி அதிகமானது. மயில் துத்தம் போட்டார்கள். பாசி செத்தது. சில நாளில் பிள்ளைகளுக்கு வாந்தி, தலைவலி. கல்லீரல் வீங்கியது. 148 பேருக்கு நோய் கண்டது. பெரும்பாலும் குழந்தைகள். முதலில் யாருக்கும் காரணம் புரியவில்லை. “மர்ம நோய்” என்றார்கள்.

காரணம் இதுதான். உயிருள்ள பாசி நஞ்சில் பெரும்பகுதியைத் தன் உடலுக்குள்ளே வைத்திருக்கும், பைக்குள் கட்டி வைத்ததுபோல. துத்தம் அந்தப் பையை உடைத்துவிட்டது. நஞ்சு முழுவதும் தண்ணீரில் கலந்தது. பாசியாக இருந்தவரை மணலில் வடிகட்டிப் பிடிக்கலாம். கரைந்துவிட்ட நஞ்சை மணல் வடிகட்டியால் பிடிப்பது கடினம். செம்பு இன்னொரு கெடுதலும் செய்யும். மீனுக்கு ஆகாது. கழிவுநீர்க் குட்டையில் போட்டால் நமக்கு வேலை செய்யும் பச்சைப் பாசியையும் நல்ல கிருமிகளையும் சேர்த்தே கெடுக்கும்.

வேறு மருந்து இல்லையா? காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, ஹைட்ரஜன் பெராக்சைடு, அதை 2009-ல் நெதர்லாந்தில் ஒரு ஏரியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் கலந்தார்கள். நீலப்பச்சைப் பாசி அடங்கியது. மருந்து சில நாளில் நீராகவும் பிராணவாயுவாகவும் பிரிந்து போனது. துத்தத்தைவிட இது மேல். ஆனால் அளவு தவறக்கூடாது. சத்து உள்ளே இருக்கும்வரை பாசி திரும்பவும் வரலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் மருந்து என்றால், 10 லட்சம் லிட்டர் குளத்துக்கு 1 கிலோ போதும். உஜனி அணை நிரம்பினால் சுமார் 117 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. சுமார் 2,830 கோடி லிட்டர். அணை முழுவதற்கும் சுமார் 3,300 டன் மருந்து வேண்டும்! லாரிக்கு 10 டன் என்றால் 330 லாரி. அதுவும் ஒரு முறைக்கு.

ஆகவே மருந்தை அணையில் போடுவதைவிட, கழிவுநீர் ஆற்றில் விழும் முன்பே சுத்திகரிப்பு நிலையத்தில் போடுவது புத்திசாலித்தனம். அங்கே போடும் மருந்து பாசியைக் கொல்ல அல்ல. பாசியின் தீனியைப் பிடிக்க. படிகாரம், இரும்பு உப்பு, சுண்ணாம்பு, இவற்றில் ஒன்றைக் கலந்தால் பாஸ்பரஸ் அதோடு ஒட்டிக்கொண்டு சேறாக அடியில் படியும். கலங்கிய குடத்தில் படிகாரம் சுற்றுகிறோமே, அதே வித்தைதான். சாதாரணச் சுத்திகரிப்பு அழுக்கையும் நாற்றத்தையும் நீக்கும். பாஸ்பரஸில் சிறு பங்கைத்தான் எடுக்கும். இந்த வேலைக்குச் செலவு உண்டு. சேறும் அதிகம் சேரும், அதை அகற்ற இடம் வேண்டும். சாக்கடை முதலில் நிலையத்துக்குப் போய்ச் சேரவும் வேண்டும்.

வீட்டுத் தொட்டி பச்சையானால் துத்தம் போடாதீர்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவி, வெயில் படாமல் மூடி வையுங்கள்.

குழுவில் பேசுங்கள்: உங்கள் தெருச் சாக்கடை எந்த நாலாவில் சேர்கிறது? அந்த நாலா நிலையத்துக்குப் போகிறதா, ஆற்றுக்குப் போகிறதா? மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கேட்டு எழுதி வாருங்கள். கணக்கு ஒன்றும் இருக்கிறது: 50 லட்சம் லிட்டர் குளத்துக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் எத்தனை கிலோ மருந்து வேண்டும்?