கால அட்டவணையை முதலில் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

ப்ளஸ் டூவில் வணிகவியல் படித்துவிட்டு நிதித் துறைக்குப் போவதென்று இருக்கிறாய். சென்னையில் லயோலாவா, கிறிஸ்தவக் கல்லூரியா, வைஷ்ணவா என்று பெயர்களை எடைபோடுவதற்கு முன் ஒன்றை யோசி. இந்தத் துறையில் உன்னைச் சோதிக்கும் தேர்வுகள் பெரும்பாலும் கல்லூரிக்கு வெளியேதான் நடக்கின்றன. ஆடிட்டராக வேண்டுமென்றால் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பட்டயக் கணக்காளர் கழகத்தின் சி.ஏ. தேர்வு. முதலீட்டு ஆய்வுக்கு சி.எஃப்.ஏ., காப்பீட்டு இடர்களைக் கணக்கிடும் ஆக்சுவரிகளுக்கு அவர்களுடைய கழகத்தின் தேர்வு. மியூச்சுவல் ஃபண்ட் விற்கக்கூட என்.ஐ.எஸ்.எம். சான்றிதழ் வேண்டும். இந்த விடைத்தாள்களைத் திருத்துபவருக்கு நீ எந்தக் கல்லூரி என்பது தெரியாது. ஆகவே கல்லூரியிடம் நீ கேட்டு வாங்க வேண்டியது முதலில் நேரம், அடுத்து கணிதம்.

நேரக் கணக்கை சி.ஏ.வை வைத்தே போட்டுப் பார்க்கலாம். 2023இல் வந்த புதிய திட்டத்தில் ஃபவுண்டேஷன், பிறகு இன்டர்மீடியட்டின் இரண்டு குரூப்பும், அதன் பின்னரே இரண்டாண்டு ஆர்ட்டிகிள்ஷிப். அது முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல். ஆர்ட்டிகிள்ஷிப் என்றால் வாரத்துக்கு 35 மணி நேரம் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். பகல் முழுக்க வகுப்பு வைத்து 75 சதவீத வருகையும் கேட்கிற கல்லூரியில், மூன்றாம் ஆண்டில் அதைத் தொடங்க வழியே இல்லை. தேர்வுத் தேதிகளும் இடிக்கும்: இன்டர்மீடியட் ஜனவரி, மே, செப்டம்பரில் வருகிறது, செமஸ்டர் தேர்வு பல கல்லூரிகளில் ஏப்ரலில் தொடங்கி மே வரை இழுக்கும். தன்னாட்சிக் கல்லூரி தன் தேர்வுத் தேதியைத் தானே வைத்துக்கொள்ளும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் போன ஆண்டு அட்டவணையை வாங்கிப் பார். சென்னையில் ஷிஃப்ட் முறைக் கல்லூரிகள் நிறைய உண்டு. பிற்பகலில் நடக்கும் இரண்டாவது ஷிஃப்ட்டை மார்க் குறைந்தவர்களின் இடமாகப் பார்ப்பது இன்னும் போகவில்லை, சி.ஏ. படிப்பவனுக்கோ படிப்பதற்குக் காலை முழுவதும் கையில் கிடைப்பது அங்கேதான்.

கணிதத்தைப் பற்றி இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. பி.காம். பாடத்திட்டத்தில் அது ஓரிரு தாள்களோடு முடிந்துவிடுகிறது. ஆக்சுவரி, இடர் மதிப்பீடு போன்றவற்றில் நாட்டமிருந்தால் பி.எஸ்சி. கணிதம், புள்ளியியல் பக்கம் போகலாம். சி.ஏ. பாதை அதனால் அடைபடாது: வணிகவியல் பட்டதாரி 55 சதவீதமும் மற்றவர்கள் 60 சதவீதமும் எடுத்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். ஓரிரு ஆண்டு தள்ளிப்போகும், உண்மைதான். எண்களில் ஆர்வம் உள்ளவனுக்கு அது பெரிய விலை இல்லை என்பது என் கணிப்பு.

பெரிய கல்லூரிக்குத்தானே நல்ல நிறுவனங்கள் ஆளெடுக்க வரும் என்று வீட்டில் கேட்பார்கள். வரும், மறுக்கவில்லை. ஆனால் எந்த வேலைக்கு வருகின்றன என்று பார்க்க வேண்டும். சென்னைக் கல்லூரிகளில் எடுக்கப்படும் நிதி வேலைகளில் கணிசமானவை வெளிநாட்டு வங்கிகளின் பேக் ஆபீஸ் வேலைகள். அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. சம்பளம் மாதம் தவறாமல் வரும். அதைத் தாண்டி மேலே போக, நாம் முதலில் பேசிய அதே தேர்வுகளைத்தான் மறுபடி எழுத வேண்டியிருக்கும். ஃப்ளெக்ஸ் பேனரில் போடும் அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒருவருடையது. நடுவில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று கேள்.

‘சி.ஏ. பயிற்சியுடன் பி.காம்.’ என்று வரும் விளம்பரங்களையும் இதே கண்ணோடு பார். ஒரே வளாகத்தில் இரண்டும் கிடைப்பது அலைச்சலை மிச்சப்படுத்தும். ஆனால் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இரண்டு குரூப்பும் முடித்தவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களும் சேர்ந்தால்தான் அதன் தரம் தெரியும். முதல் எண்ணை அலுவலகத்தில் சொல்வார்கள். இரண்டாவதை மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் விசாரி. கடைசியாகக் கட்டணம்: அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தால் அதை விடாதே. சுயநிதிப் பிரிவை விடக் கட்டணம் மிகக் குறைவு. மிச்சமாகும் பணம் வெளியே கோச்சிங்குக்கு உதவும்.

அன்புடன்,
உன் அண்ணன்